மூழ்கிய மிளகும் 5,000 கோடி டாலரும்: எமானுவல் கயாரின் வழக்கறிஞர் வாழ்க்கை

இந்தோனேசியாவிலிருந்து பிரான்ஸுக்கு வரவேண்டிய வெள்ளை மிளகு கப்பலோடு கடலில் போய்விட்டது. விற்றது புத்ரபாலி என்ற இந்தோனேசிய நிறுவனம். வாங்க ஒப்புக்கொண்டது ரெனா ஹோல்டிங் என்ற பிரெஞ்சு நிறுவனம். சரக்கே வந்து சேராதபோது பணம் எதற்கு என்றது ரெனா. ஒப்பந்தப்படி தகராறு லண்டனில் நடுவர்களிடம் போனது. 2001 ஏப்ரலில் அவர்கள் ரெனாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். புத்ரபாலி விடவில்லை. நடுவர்கள் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் வாதாடி, அந்தத் தீர்ப்பை ஓரளவு ரத்து செய்யவைத்தது. விஷயம் மறுபடி நடுவர்களிடமே வந்தது. 2003 ஆகஸ்டில் அதே தகராறில் இரண்டாவது தீர்ப்பு வந்தது: ரெனா சுமார் 1,63,000 யூரோ கொடுக்க வேண்டும்.

வழக்கமாக இதோடு முடிந்துவிடும். ஆனால் ரெனா, லண்டனில் அடிபட்டுப்போன முதல் தீர்ப்பை எடுத்துக்கொண்டு பிரான்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. புத்ரபாலி இரண்டாவது தீர்ப்போடு வந்தபோது, இதே தகராறில் ஒரு தீர்ப்பை ஏற்கெனவே ஏற்றாகிவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். 2007 ஜூன் 29 அன்று பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கான காரணத்தைச் சொன்னது. சர்வதேச நடுவர் தீர்ப்பு என்பது எந்த ஒரு நாட்டின் சட்ட அமைப்போடும் பிணைக்கப்பட்டதல்ல. அது சர்வதேச நீதியின் முடிவு.

இந்தச் சிந்தனைக்கு முழுக் கோட்பாடாக உருவம் கொடுத்தவர் எமானுவல் கயார். பேராசிரியராகவும் வழக்கறிஞராகவும் நடுவராகவும் இருந்தவர். 1952இல் பிறந்து, 2021 ஏப்ரல் 1 அன்று 69 வயதில் இறந்தார். மிளகு வழக்கின் தீர்ப்பு வந்த அதே 2007இல், ஹேக் நகரிலுள்ள சர்வதேசச் சட்டக் கழகத்தில் இந்தக் கோட்பாட்டைத் தொடர் உரைகளாக நிகழ்த்தினார். சர்வதேச நடுவர் வழக்கறிஞர் என்றால் யார், அவருடைய வாழ்க்கை எதைச் சுற்றி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும்போது, எதிராளியின் ஊர் நீதிமன்றத்தில் போய் நிற்க யாரும் விரும்புவதில்லை. அதனால் தகராறு வந்தால் நடுவர்கள் தீர்க்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள். நம்மூர் வக்கீல்கள் ஆர்பிட்ரேஷன் என்று சொல்வது இதைத்தான். பொதுவாக ஆளுக்கொரு நடுவர், தலைவராக மூன்றாவதாக ஒருவர். எந்த ஊரின் சட்டம் இந்த விசாரணையைக் கண்காணிக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பார்கள். விசாரணையின் சட்ட இருப்பிடம் என்பது அந்த ஊர்தான். அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம். ரத்தாகாவிட்டால், 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின் பலத்தில் உலகின் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பணம் வசூலிக்கக் கேட்கலாம். ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்குக்கூட இவ்வளவு செல்வாக்கு கிடையாது.

சரி, ரத்தாகிவிட்டால்? அந்த 1958 ஒப்பந்தம், ரத்தான தீர்ப்பை நிறைவேற்ற மற்ற நாடுகள் மறுக்கலாம் என்று சொல்கிறது. மறுத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. கயாரின் வாதம் முழுவதும் இந்தச் சின்ன இடைவெளியில் வேர் பிடித்ததுதான்.

இங்கிலாந்து மரபில் வந்தவர்களுக்கு விஷயம் எளிது. நடுவருக்கு அதிகாரம் கொடுத்ததே அந்த ஊர்ச் சட்டம், அந்த ஊர் நீதிமன்றம் ரத்து செய்தால் தீர்ப்பு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பிரெஞ்சு மரபு வேறு பக்கம் போனது. 1994லேயே, ஜெனீவாவில் ரத்தான ஒரு தீர்ப்பைப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. அல்ஜியர்ஸ் நகர வடிகால் ஒப்பந்தத்துக்கு ஆலோசனைக் கட்டணம் கேட்ட ஹில்மார்ட்டன் நிறுவனத்தின் வழக்கு அது. கயார் அதற்கும் ஒரு படி மேலே போனார். நடுவர்களின் அதிகாரம் ஒற்றை நாட்டிலிருந்து வருவதில்லை, நடுவர் தீர்ப்பை ஏற்பதாக ஒப்புக்கொண்ட எல்லா நாடுகளின் பொது இசைவிலிருந்து வருகிறது என்றார். அப்படிப் பார்த்தால் நடுவர் மன்றத்துக்கென்றே தனிச் சட்ட ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டின் நீதிமன்றம் அதில் ஒரு குரல்தான், கடைசிக் குரல் அல்ல.

இதை வெறும் வகுப்பறைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2001இல் எத்தியோப்பியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அடிஸ் அபாபா குடிநீர் வாரியத்துக்கும் சலினி என்ற இத்தாலியக் கட்டுமான நிறுவனத்துக்கும் தகராறு. மூவர் நடுவர் மன்றத்துக்குத் தலைவர் கயார். விசாரணையின் சட்ட இருப்பிடம் அடிஸ் அபாபா. ஆனால் நேரடி விசாரணையைப் பாரிஸில் வைத்துக்கொள்ளலாம் என்று நடுவர்கள் முடிவெடுத்தார்கள். வாரியத்துக்குக் கோபம். நடுவர்களை நீக்கச் சொல்லி, அந்த விசாரணையை நிர்வகித்துவந்த சர்வதேச வணிகச் சபையிடம் முறையிட்டது. அது நடக்கவில்லை என்றதும் எத்தியோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் விசாரணைக்கே தடை வாங்கிவிட்டது.

இருப்பிட நாட்டின் நீதிமன்றம் நிறுத்து என்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான நடுவர்கள் நிறுத்திவிடுவார்கள். கயார் தலைமையிலான மன்றம் நிறுத்தவில்லை. 2001 டிசம்பர் 7 அன்று வந்த அவர்களுடைய முடிவின் சாரம் இது: எங்கள் முதல் கடமை இரு தரப்பும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு. நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வதாகக் கையெழுத்திட்ட ஒரு அரசு நிறுவனம், பிறகு தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தைக் கொண்டு அதை முடக்க விட்டால் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. உள்ளூர் அரசை எதிர்த்து வெளியூர்க்காரன் வழக்காடும் இடத்தில், உள்ளூர் நீதிமன்றத்தின் சொல்லே கடைசிச் சொல் என்றால் பிறகு நடுவர் எதற்கு?

ஆனால் மிளகு வழக்கில் இதே கோட்பாடு எனக்கு உறுத்துகிறது. லண்டன் நீதிமன்றம் புத்ரபாலியின் சொந்த ஊர் நீதிமன்றம் இல்லை. இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பொது இடம் அது. முறையாக மேல்முறையீடு செய்து முறையாக ஜெயித்தவன், பாரிஸில் தோற்றுப்போனான். எத்தியோப்பியாவில் கேடயமாக நின்ற வாதம் இங்கே கடனாளி நழுவ ஓட்டையாகிவிட்டது.

இந்தத் தொழிலில் ஒருவர் எப்படி மேலே வருகிறார்? பதவி உயர்வு, தேர்வு, அரசு நியமனம் எதுவும் கிடையாது. நடுவராக யாரைப் போடலாம் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் யோசிக்கும்போது அவர்கள் வாயில் வரும் நாலைந்து பெயர்களில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். கயார் அந்த இடத்துக்கு எழுத்தின் வழியாக வந்தார். பாரிஸில் சட்டப் பேராசிரியராக இருந்துகொண்டே 1987இல் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கச் சட்ட நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே சர்வதேச நடுவர் வழக்குகளுக்கென ஒரு தனிப் பிரிவையே கட்டியெழுப்பினார். ஃபிலிப் ஃபூஷார், பெர்தோல்ட் கோல்ட்மன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல் 1996இல் பிரெஞ்சிலும் 1999இல் ஆங்கிலத்திலும் வந்தது. மூவரின் குடும்பப் பெயர்களைச் சொன்னாலே போதும், உலகெங்கும் நடுவர்களும் வக்கீல்களும் எந்த நூல் என்று புரிந்துகொள்வார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தன் வாதத்துக்கு ஆதாரமாக உங்கள் புத்தகத்தையே காட்டுகிறார் என்றால், அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

பாரிஸ் அதற்குத் தோதான ஊரும்கூட. சர்வதேச வணிகச் சபையின் நடுவர் நீதிமன்றம் 1923 முதல் அங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் வழக்காடுவதும் நடுவராக உட்காருவதும் அங்கே சகஜம். ஆனால் சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2004இல் கயாரே அதில் மாட்டினார்.

டெலிகாம் மலேசியா நிறுவனம் கானா அரசின் மீது வழக்குத் தொடுத்திருந்தது. நடுவர்களில் ஒருவர் கயார். கானா தன் வாதத்துக்கு முக்கிய ஆதாரமாக, மொராக்கோ நெடுஞ்சாலை ஒப்பந்தம் சம்பந்தமாக முன்பு வந்த ஒரு தீர்ப்பைக் காட்டியது. இத்தாலிய நிறுவனங்களின் கூட்டு ஒன்று மொராக்கோவிடம் தோற்ற வழக்கு அது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி நடந்துகொண்டிருந்த இன்னொரு விசாரணையில் இத்தாலியத் தரப்பின் வக்கீல் யார் என்றால், கயார்! அதாவது காலையில் வக்கீலாக அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுத வேண்டும், மாலையில் நடுவராக அதே தீர்ப்பு சரியா என்று திறந்த மனதோடு எடைபோட வேண்டும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கானாவுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

கானா ஆட்சேபித்து, விசாரணையின் இருப்பிடமான ஹேக்கின் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் 2004 அக்டோபர் 18 அன்று தெளிவாகச் சொன்னது: பத்து நாளைக்குள் மொராக்கோ வழக்கின் வக்கீல் பொறுப்பை விட வேண்டும், இல்லாவிட்டால் நடுவராக நீடிக்க முடியாது. கயார் வக்கீல் பொறுப்பை விட்டார். கானா மறுபடியும் ஆட்சேபித்தது. நவம்பரில் அது தள்ளுபடியானது. இன்றைக்கும் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கலாமா என்று விவாதம் வந்தால் முதலில் எடுத்துப் பேசப்படும் வழக்குகளில் இது ஒன்று. நீதிமன்றம் அன்று மென்மையாக நடந்துகொண்டது என்பது என் எண்ணம். பொறுப்பை விட்டுவிட்டால் மட்டும், அதுவரை வக்கீலாக யோசித்த மனம் மாறிவிடுமா?

2005 பிப்ரவரியில், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வழக்கு தொடங்கியது. யூகோஸ், ரஷ்யாவின் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்று. அதன் தலைவர் மிகயில் கோதர்கோவ்ஸ்கி 2003 அக்டோபரில் கைதானார். அப்புறம் வரி பாக்கி என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ். 2004 டிசம்பரில் யூகோஸின் உயிர்நாடியான யுகான்ஸ்க்நெஃப்டிகாஸ் கிளை ஏலத்துக்கு வந்தது. ஏலத்துக்குச் சில நாள் முன்னால்தான் பதிவு செய்யப்பட்டிருந்த பைக்கால் ஃபைனான்ஸ் குரூப் என்ற, யாரும் கேள்விப்படாத நிறுவனம் சுமார் 935 கோடி டாலருக்கு அதை எடுத்தது. சில நாட்களில் அந்த நிறுவனத்தையே அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் வாங்கிக்கொண்டது. யூகோஸ் 2006இல் திவாலானது, 2007இல் பதிவிலிருந்தே அழிந்தது.

பங்குதாரர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ரஷ்யாவில் போய்ப் பயனில்லை. யூகோஸுக்கும் அவர்களுக்கும் இடையிலோ, ரஷ்ய அரசுக்கும் அவர்களுக்கும் இடையிலோ நடுவர் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கயாரும் அவருடைய சக வழக்கறிஞர் யாஸ் பானிஃபாதெமியும் 1994இன் எரிசக்திச் சாசன ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார்கள். வெளிநாட்டு முதலீட்டாளரின் சொத்தைப் பறித்தால் நடுவர் மன்றத்தில் நேரடியாக வழக்குப் போடலாம் என்கிறது அது. ஒரே தடங்கல், ரஷ்யா அதில் கையெழுத்துப் போட்டதே தவிர, நாடாளுமன்றத்தில் வைத்து உறுதி செய்யவில்லை. ஆனால் அதன் 45ஆவது பிரிவு, உறுதி செய்யும் வரையிலும்கூட, தன் அரசமைப்புக்கும் சட்டங்களுக்கும் முரண்படாத அளவுக்குக் கையெழுத்திட்ட நாடு ஒப்பந்தத்தைத் தற்காலிகமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. 5,000 கோடி டாலர் வழக்கு அந்த ‘முரண்படாத அளவுக்கு’ என்ற சொற்களில்தான் தொங்கியது.

கயார் தரப்பின் வாதம்: தற்காலிகமாகக் கடைப்பிடிப்பது என்ற ஏற்பாட்டையே ரஷ்யச் சட்டம் தடுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், தடுக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முழுவதும் பொருந்தும். ரஷ்யத் தரப்பின் வாதம்: ஒவ்வொரு பிரிவாக எடுத்துப் பார்க்க வேண்டும், வரித் தகராறை வெளிநாட்டு நடுவரிடம் விட ரஷ்யச் சட்டம் இடம் தரவில்லை. கனடாவின் ஈவ் ஃபோர்ட்டியே தலைமையிலான நடுவர் மன்றம் 2009 நவம்பரில் முதல் வாதத்தை ஏற்றது. பிறகு சொத்துப் பறிப்பு பற்றிய விசாரணை. 8,800க்கும் மேற்பட்ட ஆவணங்கள், ஹேக்கில் ஒரு மாத நேரடி விசாரணை. 2014 ஜூலையில் சுமார் 600 பக்கத் தீர்ப்பு வெளிவந்தது. யூகோஸும் வரி ஏய்ப்புக்காகச் சில உள்நாட்டுச் சலுகைப் பகுதிகளைத் தவறாகப் பயன்படுத்தியது என்று 25 சதவீதத்தைக் கழித்த பிறகும், மூன்று பங்குதாரர்களுக்கும் சேர்த்து ரஷ்யா 5,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று முடிவு. அதுவரை வெளியே தெரிந்த பெரிய தொகைகள் 200 கோடி டாலரைச் சுற்றித்தான் இருந்தன. வழக்குச் செலவுக்காக மட்டும் பங்குதாரர்களுக்கு 6 கோடி டாலர்.

இந்த வழக்கில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வழக்குப் போட்டவர்கள் சைப்ரஸிலும் மான் தீவிலும் பதிவான மூன்று அமைப்புகள். ஒன்று யூகோஸ் ஊழியர்களுக்கான ஓய்வூதிய ஏற்பாடு. மற்ற இரண்டுக்கும் பின்னால் கடைசியில் இருந்தவர்கள் ரஷ்யர்கள். ரஷ்யப் பணம் வெளிநாடு போய், வெளிநாட்டு முதலீடு என்ற பெயரில் திரும்பிவந்து, ரஷ்யாவின் மீதே வழக்குப் போடலாமா? ஒப்பந்தம் நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் கேட்கிறது என்றது நடுவர் மன்றம். ஒப்பந்தத்தின் சொற்களைப் பார்த்தால் அது சரி. ஆனால் இந்த ஏற்பாடு யாருக்காக உருவானதோ அவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

2016 ஏப்ரல் 20 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம், பன்னிரண்டு வருடம் முன்னால் கயாரை வக்கீல் பொறுப்பை விடச் சொன்ன அதே நீதிமன்றம், யூகோஸ் தீர்ப்பை ரத்து செய்தது. பிரிவு பிரிவாகத்தான் பார்க்க வேண்டும் என்ற ரஷ்யாவின் வாதம் அங்கே ஜெயித்தது. இருப்பிட நீதிமன்றம் கடைசிக் குரல் அல்ல என்று எழுதியவரின் மிகப் பெரிய வெற்றி இருப்பிட நீதிமன்றத்தில் விழுந்தது. கோட்பாட்டின்படி பார்த்தால் ரத்தான தீர்ப்போடு வேறு நாடுகளில் வசூலுக்குப் போகலாம். நடைமுறையில் என்ன ஆனது? லண்டனிலும் வாஷிங்டனிலும் நடந்த வசூல் வழக்குகள் ஹேக் மேல்முறையீட்டை எதிர்பார்த்து நின்றுபோயின. போராட்டம் முழுவதும் நெதர்லாந்துக்கே திரும்பியது. கோட்பாட்டில் அவர் ஒதுக்கிவைத்த நீதிமன்றங்களின் படியைத்தான் கட்சிக்காரருக்காக ஏற வேண்டியிருந்தது. இதை நான் அவருடைய தோல்வியாகப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய தொகைக்கு எந்த நாட்டு நீதிபதியும் தனியாக முன்னால் வர மாட்டார் என்பது உலக யதார்த்தம்.

2020 பிப்ரவரி 18 அன்று ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மீட்டுக்கொடுத்தது. அதைக் கயார் பார்த்தார். ஓராண்டு கழித்து, 34 வருடம் கழித்த நிறுவனத்தை விட்டு வெளியேறி, பானிஃபாதெமியுடனும் வேறு சக வழக்கறிஞர்களுடனும் நடுவர் வழக்குகளுக்கு மட்டுமேயான புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். சில வாரங்களிலேயே இறந்துபோனார். 2021 நவம்பரில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் ரஷ்யாவின் பெரும்பாலான ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு, பங்குதாரர்கள் நடுவர்களை ஏமாற்றினார்கள் என்ற மோசடிக் குற்றச்சாட்டை மட்டும் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கேயும் 2024 பிப்ரவரியில் ரஷ்யா தோற்றது. 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கடைசி மனுவையும் தள்ளுபடி செய்தது. வட்டியோடு தொகை இப்போது 6,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ரஷ்யா ஒரு காசு கொடுக்கவில்லை.

கயாரின் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரின் தேவாஸ் மல்டிமீடியாவோடு 2005இல் செய்த செயற்கைக்கோள் ஒப்பந்தத்தை 2011இல் அரசு ரத்து செய்தது. 2015இல் டெல்லியை இருப்பிடமாகக் கொண்ட நடுவர் மன்றம், ஆன்ட்ரிக்ஸ் 56.25 கோடி டாலரும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்றது. தேவாஸ் மோசடியான நிறுவனம், அதைக் கலைத்தது சரி என்று நம் உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. அதே ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பையே ரத்து செய்தது. ஆனால் அமெரிக்காவில் சியாட்டிலின் கூட்டாட்சி நீதிமன்றம் 2020லேயே அந்தத் தீர்ப்பை ஏற்று, வட்டியோடு 129 கோடி டாலருக்கு ஆணையிட்டிருந்தது. மேல்முறையீட்டில் அது விழுந்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆன்ட்ரிக்ஸுக்கு அமெரிக்காவோடு போதிய தொடர்பு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வழக்கைத் தள்ள முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து, மற்றக் கேள்விகளுக்காகக் கீழே திருப்பி அனுப்பியது. ரஷ்யாவைப் பற்றிப் படிக்கும்போது கயாரின் பக்கம் போகும் நம் மனம், இஸ்ரோ என்றதும் டெல்லி நீதிமன்றத்தின் பக்கம் வந்துவிடுகிறது. டெல்லியில் ரத்தான தீர்ப்புக்கு அமெரிக்காவில் உயிர் உண்டா என்பதை இனி அங்குள்ள நீதிபதிகள்தான் சொல்ல வேண்டும்.